சேலத்தில் ஆய்வு நிதி தேடுபவருக்கு: கையெழுத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

ஒரு முன்மொழிவை நான் பொங்கலில் தொலைத்தேன். பன்னிரண்டு பக்கமும் எழுதி முடித்திருந்தேன். பட்ஜெட்டைக் கூட்டிக் கழித்துச் சரிபார்த்தாயிற்று. நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் மட்டும் பாக்கி. ஒரு பக்கக் கடிதம்தானே, ஒரே நாளில் வாங்கிவிடலாம் என்று ஜனவரி 12ஆம் தேதி மாலை கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கையெழுத்துப் போட வேண்டியவர் மதியமே ஊருக்குக் கிளம்பியிருந்தார். அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது காணும் பொங்கல் முடிந்திருந்தது, விண்ணப்பத் தளமும் மூடியிருந்தது.

தப்பு அவருடையது இல்லை. அறிவிப்பில் போட்டிருந்த கடைசித் தேதியை என் கடைசித் தேதி என்று நம்பினேன் பாருங்கள், அதுதான் தப்பு. அன்றிலிருந்து எந்த விண்ணப்பத்தையும் பின்னாலிருந்துதான் கணக்குப் போடுகிறேன். கையெழுத்து எந்த நாளில் வேண்டும், அதற்கு முன் எந்தெந்த மேசையைத் தாண்ட வேண்டும், அந்த மேசைக்குப் போக எந்தக் காகிதம் வேண்டும் என்று.

சேலத்தில் புதிதாக முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ சேர்ந்தவர்கள், கல்லூரியில் இப்போதுதான் உதவிப் பேராசிரியர் ஆனவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நல்ல யோசனை இருந்தால் பணம் தானாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யோசனை உள்ளவர்கள் நிறையப் பேர். அறிவிப்பு வரும்போதே காகிதம் தயாராக வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான்.

முதல் வேலை: உங்கள் நிறுவனத்தின் காகிதங்கள்

நிதி உங்கள் பெயரில் வந்தாலும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. நிறுவனத்துக்குத்தான் வரும். அதனால் எந்த நிறுவனத்தின் கீழ் இருக்கிறீர்கள் என்பது முதல் கேள்வி.

ஓமலூர் சாலையில் பெரியார் பல்கலை நகரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கப்பட்டது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் அதோடு இணைந்தவை. அதே சாலையில் கருப்பூரில் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரிக்காரருக்கு அண்ணா பல்கலைக்கழகம். மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் இருப்பவருக்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம். ஒரே ஊரில் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் கோப்பு போகிற வழி வேறு. பக்கத்துத் துறை நண்பர் சொன்ன வழி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கல்லூரிக்காரர்கள் அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைக்க வேண்டியவை இவை. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளில் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்பதற்கான கடிதம். 2(எஃப்) என்றால் அங்கீகாரம், 12(பி) என்றால் மத்திய உதவி பெறும் தகுதி. தனியார் அறக்கட்டளை நடத்தும் கல்லூரி என்றால் தொண்டு நிறுவனங்களுக்கான தர்பன் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்த எண். நாக் தர மதிப்பீட்டுச் சான்றிதழ். நிறுவனத்தின் பான் எண், வங்கி விவரம், மத்திய அரசின் நிதி மேலாண்மைத் தளமான பிஎஃப்எம்எஸ்ஸில் பதிவு. இவற்றை ஸ்கேன் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். எந்த அறிவிப்பு வந்தாலும் இதில் பாதியாவது கேட்பார்கள். கடைசி இரவில் மேலாளர் வீட்டுக்கு போன் போட்டு தர்பன் எண் கேட்ட அனுபவம் எனக்கு உண்டு. அவர் கொடுத்தார், ஆனால் அந்தக் குரலை இன்னும் மறக்கவில்லை.

உங்களுக்கு எந்தக் கதவு?

முதுகலை மாணவருக்குப் பெரிய மானியங்களைப் பற்றிய கவலையே வேண்டாம். உங்களுக்கு இரண்டு கதவுகள் நல்லவை. ஒன்று, மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை. தேர்வானால் கோடையில் இரண்டு மாதம் நாட்டின் நல்ல ஆய்வகம் ஒன்றில் விஞ்ஞானி ஒருவரிடம் வேலை பார்க்கலாம். ஆனால் விண்ணப்பம் மே மாதத்தில் இல்லை, முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே வந்து போய்விடும். ஏப்ரலில் கேட்டுக்கொண்டு வருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இன்னொன்று, 1984இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டம். இறுதியாண்டுப் புராஜெக்ட்டுக்குச் சிறு தொகை தருவார்கள். தொகை சிறியது என்று ஒதுக்காதீர்கள். தலைப்பு, நோக்கம், முறை, செலவு என்று ஒரு முன்மொழிவை முழுதாக எழுதிப் பழக இதைவிட மலிவான இடம் கிடையாது. எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்கு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் தரும் இரண்டு மாதக் குறுகிய கால உதவித்தொகையும் அப்படித்தான்.

முனைவர் பட்டத்துக்கு வந்தவர்களுக்கு முதல் வழி ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை. அதற்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அறிவியல் பாடங்களுக்குச் சிஎஸ்ஐஆர் (அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம்) யூஜிசி நெட், கலை, மானுடவியல், வணிகவியல் போன்றவற்றுக்கு யூஜிசி நெட். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை ஆய்வாளர், ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. யூஜிசி நெட்டில் ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. 2024 ஜூன் தேர்விலிருந்து முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன: ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும். மூன்றாவதில் பெயர் வந்தால் சேர்க்கைக்கு உதவும், பணம் வராது. வீட்டில் இனிப்பு கொடுக்கும் முன் எந்த வரிசையில் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

முதுகலையில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்ற அறிவியல் மாணவர் என்றால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. ரேங்க் சான்றிதழைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் முறையாக வாங்கி வைத்திருக்க வேண்டும். தங்கப் பதக்கத்தின் போட்டோ செல்லாது.

நெட் கைக்கு வராதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தனித் தேர்வு இருக்கிறது, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் பிரிவைச் சேர்ந்த முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி இனத்திலிருந்து ஆய்வுக்கு வருகிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டும் தாலுகா அலுவலகத்தில் தாமதமாகும் காகிதங்கள். விண்ணப்பம் வெளிவரும் முன்பே வாங்கி வையுங்கள். ஒற்றைப் பெண் குழந்தையாக இருப்பவர்களுக்கு யூஜிசியின் சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே உதவித்தொகை உண்டு. சமூக அறிவியல்காரர்களுக்கு 1969இல் நிறுவப்பட்ட சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றமான ஐசிஎஸ்எஸ்ஆர் மாதம் 20,000 ரூபாய் முனைவர் பட்ட உதவித்தொகை தருகிறது. தமிழ்த் துறைக்காரர்கள் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும். தமிழ் படித்தால் நிதியே கிடையாது என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதைச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் விண்ணப்பித்ததே இல்லை.

ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்தவர் பழைய வழிகாட்டிகளில் 'செர்ப்' என்ற மத்திய ஆராய்ச்சி நிதி வாரியத்தின் பெயரைப் பார்ப்பார். அந்த வாரியம் இப்போது இல்லை. 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஏஎன்ஆர்எஃப் என்ற அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. பணியின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கான பிரதமர் தொடக்கநிலை ஆய்வு மானியம் அதன் திட்டங்களில் ஒன்று. முதலில் பாடவேளை, விடைத்தாள் எல்லாம் பழகட்டும், ஐந்து வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று இருந்தால் அந்தக் கதவு சாத்திவிடும். அதே அமைப்பின் 'பேர்' திட்டம் வலுவான நிறுவனம் ஒன்றை மையமாக வைத்து, மாநிலப் பல்கலைக்கழகங்களை அதைச் சுற்றி இணைக்கிறது. அது தனி ஆளின் விண்ணப்பம் இல்லை, ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் அதில் சேர்ந்தால் உங்கள் துறைக்கும் பங்கு வரலாம். வெளிநாட்டு வழிகள், அதாவது அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட் நேரு, ஜெர்மனிக்கான டாட் போன்றவை, தனிக் கதை. அங்கே உங்களை ஏற்கச் சம்மதிக்கும் பேராசிரியரின் கடிதம்தான் பாதி விண்ணப்பம். அதற்கு ஒரு வருடம் முன்பே மின்னஞ்சல் எழுதத் தொடங்குங்கள்.

நிகழ்ச்சிகளுக்கு ஏன் போக வேண்டும்?

சான்றிதழுக்காக என்றால் போகாதீர்கள்.

நம் பகுதிக் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை கருத்தரங்குகள் அங்கொன்றும் இங்கொன்றும் நடக்கும். பிப்ரவரி, மார்ச் வந்ததும் ஒரே வாரத்தில் நான்கு அழைப்பிதழ் வரும். மார்ச் 31க்குள் வந்த பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்பதுதான் காரணம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கூட்டத்தில் எதற்குப் போவது என்று தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: அழைப்பிதழின் கீழே 'நிதியுதவி' என்று எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது? ஐசிஎஸ்எஸ்ஆர், சிஎஸ்ஐஆர், வேளாண் வளர்ச்சி வங்கியான நபார்டு, மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் என்று இருந்தால், அந்த அமைப்பிடம் பணம் வாங்கிக் காட்டிய ஒருவர் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் போவது அவரைப் பார்க்கத்தான்.

எப்போது பேசுவது? தொடக்க விழாவில் முடியாது, அவர் மாலை மரியாதையில் இருப்பார். மதியச் சாப்பாட்டு வரிசையிலோ மாலைத் தேநீரிலோ பேசுங்கள். 'நிதி கிடைக்குமா சார்' என்று கேட்டால் 'அப்ளை பண்ணுங்க' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். இப்படிக் கேளுங்கள்: "சார், முதல் தடவை திருப்பி அனுப்பிட்டாங்களா? என்ன காரணம் சொன்னாங்க?" இந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் பேசாத பேராசிரியரை நான் பார்த்ததில்லை. பட்ஜெட்டில் எதை வெட்டினார்கள், மதிப்பீட்டாளர் எந்த வரியில் இடறினார் என்று வரிசையாகச் சொல்வார். இன்னும் ஒரு படி மேலே போய், தேர்வான முன்மொழிவின் நகலைப் படிக்கத் தருவீர்களா என்று கேட்கலாம். சிலர் தருவார்கள். அதை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதாதீர்கள், கட்டமைப்பை மட்டும் பாருங்கள்.

அறிவியல் கழகங்கள் கல்லூரிகளிலேயே நடத்தும் இரண்டு, மூன்று நாள் விரிவுரைப் பயிலரங்குகள் வந்தால் விடாதீர்கள். பெரிய ஆய்வகங்களில் இருக்கும் விஞ்ஞானிகள் நம் ஊருக்கு வந்து பாடம் எடுக்கும் அரிய சந்தர்ப்பம் அது. கோடைக்கால உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது யாரிடம் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று எழுத அங்கே ஒரு பெயராவது கிடைக்கும்.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சிகளும் உண்டு. பெயரில் 'சர்வதேச' என்று இருக்கும். கட்டுரைச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வரும். வேதியியலும் வணிகவியலும் யோகாவும் ஒரே மேடையில் இருக்கும். கட்டணம் முதலில், நிகழ்ச்சி நிரல் கடைசியில். அப்படிப்பட்ட ஒன்றுக்கு நானே முதலாண்டில் பணம் கட்டியிருக்கிறேன். கையில் மிஞ்சியது ஒரு பை, ஒரு பேனா. நல்ல இதழ்கள் எவை என்று காட்டிய யூஜிசி கேர் பட்டியலும் 2025இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இப்போது ஓர் இதழ் நல்லதா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதில் வெளிவந்த நான்கு கட்டுரைகளை உட்கார்ந்து படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

தலைப்பு: வாசலில் இருப்பதைப் பாருங்கள்

நாடு முழுவதும் நூறு பேர் எழுதுகிற தலைப்பில் நீங்களும் எழுதினால், பெரிய ஆய்வகத்துக்காரர் முன்னால் நிற்பார். சேலத்தில் இருப்பதால் மட்டும் நம்மால் எளிதாகச் செய்ய முடிகிறவை நிறைய உண்டு. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளின் கழிவுநீர் ஒன்று. மரவள்ளியிலிருந்து ஸ்டார்ச் பிரித்த பிறகு வெளியேறும் தண்ணீரில் கரிமப் பொருள் அதிகம், அதிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள், அதில் இன்னும் தீராத கேள்விகள் இருக்கின்றன. மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களின் மண்மேடுகளில் எந்தச் செடி பிழைக்கிறது என்பது தாவரவியல்காரருக்கு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் உட்கார்ந்து பற்றவைப்பவர்களின் கண்ணும் முதுகும் மருத்துவத்துக்கும் சமூக அறிவியலுக்கும் சேர்ந்த தலைப்பு. சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்து நிழல் மரங்கள், மிளகுக் கொடி, மலையாளி மக்களின் வாய்மொழிப் பாட்டுகள் என்று துறைக்கொன்று சொல்லலாம்.

ஒரே தலைப்பை நிதியளிப்பவருக்கு ஏற்பத் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள். கொலுசுத் தொழிலாளர் என்றால் ஐசிஎம்ஆருக்கு உடல்நலம், ஐசிஎஸ்எஸ்ஆருக்குக் கூலியும் கடனும், அறிவியல் தொழில்நுட்பத் துறைக்குப் புகை குறைவான பற்றவைப்பு முறை. ஒரே முன்மொழிவை மூன்று பேருக்கும் அனுப்புவது வேறு. அது பிடிபடும், பெயர் கெடும்.

மலையில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் ஒரு வருடத்தை இழக்கிறார்கள். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம், ஆனால் காப்புக்காட்டுக்குள் இலை பறிக்க அனுமதி வேண்டும். சேலம் வனக் கோட்ட அலுவலகத்தில் விசாரித்து, ஆய்வு அனுமதிக்கான விண்ணப்பத்தை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தப் பகுதி, எந்த இனம், எத்தனை மாதிரி, எத்தனை நாள், யார் யார் போவார்கள் என்று துல்லியமாக எழுதுங்கள். 'சேர்வராயன் மலைத் தாவரங்கள்' என்று பொதுவாக எழுதிய விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் நிதி வந்த பிறகு அனுமதி கேட்காதீர்கள், நிதிக்கு எழுதும்போதே கேளுங்கள். தனியார் காபி எஸ்டேட் என்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் போதும். ஆர்க்கிட் பற்றி வேலை செய்கிறவர்கள் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனம் ஏற்காட்டில் வைத்திருக்கும் ஆர்க்கிட் தோட்டத்தை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். காட்டில் தேட வேண்டிய கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைக்கும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 2002ஆம் ஆண்டு உயிரிப் பல்வகைமைச் சட்டம் குறுக்கே வரும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது.

மனிதர்களிடம் ரத்தமோ, பேட்டியோ, மருந்துச் செடிபற்றிய அறிவோ வாங்குவதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சம்மதப் படிவம் அவர்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டிய சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். உங்கள் கல்லூரியில் குழு இல்லை என்றால் எந்த நிறுவனத்தின் குழு ஏற்றுக்கொள்ளும் என்று முன்கூட்டியே கேட்டு, அது கூடும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சில குழுக்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும்.

எழுதுவதும் பட்ஜெட்டும்

முதலில் ஒரே பக்கம் எழுதுங்கள். என்ன கேள்வி, இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள், நீங்கள் எப்படிச் செய்வீர்கள், முடிவில் கையில் என்ன இருக்கும். அதை உங்கள் துறையில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் மதிப்பீட்டாளருக்கும் புரியாது, அவர் புரிந்த மாதிரி நடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நோக்கங்கள் மூன்றுக்கு மேல் போக வேண்டாம். ஏழு நோக்கம் எழுதியவருக்கு எது முக்கியம் என்று தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

பட்ஜெட்டில் இரண்டு பெரிய பகுதிகள். ஒருமுறை வாங்கும் கருவிகள் ஒன்று. ஆண்டுதோறும் வரும் செலவுகள் இன்னொன்று: ஆய்வு உதவியாளர் சம்பளம், ரசாயனம், பயணம், சில்லறைச் செலவு, நிறுவனத்துக்கான மேற்செலவு. கருவிக்கு விலைப்புள்ளி இல்லாமல் எண் எழுதாதீர்கள். மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள், ஜிஎஸ்டி சேர்த்ததா என்று பாருங்கள். உதவியாளர் சம்பளத்துக்கு ஜேஆர்எஃப் விகிதத்தைப் போட்டுவிட்டு வீட்டு வாடகைப்படியை மறந்துவிடுகிறார்கள். மத்திய அரசின் வாடகைப்படிக் கணக்கில் சேலம் ஒய் வகை நகரம், அதற்கான சதவீதத்தைப் போடுங்கள். மூன்று ஆண்டுத் திட்டத்தில் இந்த ஒரு வரியை விட்டால் வித்தியாசம் லட்சங்களில் வரும்.

பயணச் செலவை உண்மையாக எழுதுங்கள். ஏற்காட்டுக்கு மாதம் இரண்டு முறை போவதாக இருந்தால் இத்தனை முறை, இத்தனை கிலோமீட்டர், வாடகை வண்டி இவ்வளவு என்று கணக்குக் காட்டுங்கள். பக்கத்து ஊர்தானே என்று குறைத்து எழுதிவிட்டு, அப்புறம் சொந்தக் காசில் பைக் பெட்ரோல் போட்டுக்கொண்டு மலையேறியவர்கள் உண்டு. கூட்டி எழுதுவதும் ஆகாது. வெட்டுவதற்கு வசதியாக அதிகம் போட்டேன் என்று ஒருவர் சொன்னார். அவருக்குப் பாதி வெட்டினார்கள், வெட்டியது தேவையான பாதியை.

அனுப்பும் முன் ஒப்புமைச் சோதனை, அதாவது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற சோதனை, ஓட்டிப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு யூஜிசி விதிப்படி ஆய்வேடு, கட்டுரைகளில் 10 சதவீதம் வரைதான் தண்டனையில்லை. முன்மொழிவையும் அதே கண்ணோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கையெழுத்து வழி

இப்போது என் பொங்கல் கதைக்கு வருகிறேன். பொதுவாகக் கோப்பு இப்படிப் போகும்: நீங்கள், துறைத்தலைவர், ஆராய்ச்சிப் பிரிவு, நிதி அலுவலகம், பதிவாளர் அல்லது முதல்வர். உங்கள் மேசையையும் சேர்த்து ஒவ்வொன்றிலும் இரண்டு நாள் என்று வைத்தாலே பத்து வேலை நாள். நடுவில் ஒருவர் விடுப்பு, ஒரு நாள் ஆய்வுக் குழு வருகை, ஒரு நாள் தேர்வு மையப் பணி. அதனால் அறிவிப்பில் கடைசித் தேதி 30 என்றால் உங்கள் கடைசித் தேதி 10. ஜனவரியில் பொங்கல், அக்டோபர் நவம்பரில் ஆயுத பூஜையும் தீபாவளியும், மே மாதத்தில் கோடை விடுமுறை என்றால் இன்னும் ஐந்து நாள் முன்னால் தள்ளுங்கள்.

ஒப்புதல் கடிதத்தின் வாசகத்தை நிதியளிப்பவர் கொடுத்த மாதிரியிலிருந்து மாற்றக் கூடாது. ஒரு சொல் மாறினாலும் திருப்புவார்கள். அதை நீங்களே தட்டச்சு செய்து, நிறுவனக் கடிதத்தாளில் இரண்டு பிரதி எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒட்டுச்சீட்டு வைத்துக் கொடுங்கள். கூடவே அரைப் பக்கக் குறிப்பு: என்ன திட்டம், எவ்வளவு தொகை, நிறுவனம் தன் கையிலிருந்து எதுவும் தர வேண்டியதில்லை, கடைசித் தேதி எது. அந்தக் கடைசி இரண்டு தகவல்களைத்தான் நிதி அலுவலகம் தேடும். சீல் போட்டார்களா, தேதி போட்டார்களா என்று அங்கேயே பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடி ஒரு நாள் போகும்.

அலுவலக உதவியாளர்களிடம் மரியாதையாக இருங்கள். "அண்ணா, நம்ம கோப்பு எந்த டேபிள்லங்கண்ணா இருக்கு?" என்று கேட்கிற ஆய்வாளருக்கும், 'ஃபைல் ஏன் இன்னும் போகல' என்று கேட்கிறவருக்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு. கோப்பு எந்த மேசையில் நிற்கிறது, அந்த மேசைக்காரர் நாளை வருவாரா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கோப்பு நகர்வுப் பதிவேட்டில் கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பதிவேற்றும்போது பிடிஎஃப் அளவு வரம்பைத் தாண்டினால் தளம் ஏற்காது. கடைசி நாளில் தளம் மெதுவாகும். இரண்டு நாள் முன்பே சமர்ப்பித்துவிட்டு, வந்த ஒப்புகை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

திருப்பி அனுப்பினால்? அனுப்புவார்கள். மதிப்பீட்டாளர் குறிப்பு வந்தால் ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள், கோபம் அடங்கட்டும். அப்புறம் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே நீங்கள் என்ன மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த சுற்றுக்கு அதுவே முதல் வரைவு.

நீங்களே நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தால்

மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், ஐசிஎஸ்எஸ்ஆர், சிஎஸ்ஐஆர், நபார்டு எல்லாமே கருத்தரங்குகளுக்கு உதவுகின்றன. ஆனால் யாரும் முழுச் செலவையும் தர மாட்டார்கள். நான்கு முதல் ஆறு மாதம் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். தேதியை முடிவு செய்துவிட்டு நிதி கேட்பதைவிட, மாதத்தை மட்டும் சொல்லிக் கேட்பது நல்லது. வெளியூர்ப் பேச்சாளர்களை மே மாதத்தில் கூப்பிட்டால், ஏற்காடு கோடை விழாவின்போது மலையில் அறை கிடைக்காது, நகரத்திலேயே தங்க வையுங்கள். சாப்பாட்டுச் செலவுக்கும் நினைவுப் பரிசுக்கும் எவ்வளவு வரை அனுமதி என்று நிதியளிப்பவர் அனுப்பும் நிதி ஒதுக்கீட்டுக் கடிதத்திலேயே இருக்கும். பொன்னாடை எல்லாம் பெரும்பாலும் அனுமதியில்லை, அதை வேறு வழியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் வந்த பிறகு

நிதி ஒதுக்கீட்டுக் கடிதம் வந்ததும் கருவி வாங்க ஓடாதீர்கள். கடிதத்தை முழுதாக, கடைசிப் பக்க நிபந்தனைகள் வரை படியுங்கள். ஒரு தலைப்பில் வந்த பணத்தை இன்னொரு தலைப்பில் செலவழிக்க முன் அனுமதி வேண்டும். ரசாயனத்துக்கு வந்ததில் லேப்டாப் வாங்கிவிட்டு, தணிக்கையில் தன் சம்பளத்திலிருந்து திருப்பிக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு பில்லும் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் கூடாது. கருவி வந்ததும் இருப்புப் பதிவேட்டில் பக்கம், எண்ணுடன் பதியுங்கள், பில்லின் பின்னால் அந்தக் குறிப்பை எழுதுங்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் நிதியாண்டு வாரியாகப் போக வேண்டும், செலவு அறிக்கையும் கூடவே. அது போகாமல் அடுத்த தவணை வராது. உதவியாளருக்கு மூன்று மாதம் சம்பளம் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால் பெரும்பாலும் காரணம் இந்தச் சான்றிதழ்தான். ஏப்ரல் முதல் வாரத்திலேயே அதற்காக உட்காருங்கள், பட்டயக் கணக்காளர்களுக்கு ஜூனுக்குப் பிறகு நேரம் இருக்காது.

மத்திய அரசு மானியப் பணத்துக்கு வங்கி தரும் வட்டி உங்களுடையது இல்லை, நிறுவனத்துடையதும் இல்லை. பாரத்கோஷ் என்ற அரசு இணையதளம் வழியாக மத்திய அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் மீதமிருக்கும் தொகையும் அப்படித்தான். அந்த ரசீதை மூன்று பிரதி எடுத்து ஒன்றை நிதி அலுவலகத்தில், ஒன்றைத் துறையில், ஒன்றை உங்கள் வீட்டில் வையுங்கள். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது 'முந்தைய திட்டம் முடிக்கப்பட்டதா' என்ற கட்டத்தின் எதிரே இணைக்கச் சொல்வார்கள்.